முதல் வரியில் 5200, கடைசி வரியில் 3600: ஒரு ரேம் விரிவாக்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வான்வழிப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரிகள் செய்துகொடுக்கும் மூன்று பேர் கொண்ட குழு அது. ஒரு வேலைக்கு ஆயிரம் படங்களும் இருக்கும், மூவாயிரமும் இருக்கும். கணக்கீடு எல்லாம் ஒரே டெஸ்க்டாப் கணினியில்தான். 16 கோர் ரைசன் 9 7950எக்ஸ் பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள ஏஎம்5 (அந்தப் பிராசசர் பொருந்தும் சாக்கெட்) மதர்போர்டு, இரண்டு 32 ஜிபி ஸ்டிக்குகள் கொண்ட டிடிஆர்5-6000 ரேம் ஜோடி; 6000 என்பது அதன் வேக எண். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்பு நிரலில்) எக்ஸ்போவை, அதாவது ரேம் தயாரிப்பாளர் ஸ்டிக்கில் பதித்து வைத்த வேக அமைப்பை, இயக்கி 6000-ல் ஓட்டினார்கள். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாவது மாதம் பெரிய வேலை ஒன்று வந்தது. 64 ஜிபி போதவில்லை. விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் தள்ளித் தள்ளி எடுத்ததில், ஒரு பகலில் முடிய வேண்டியது ஒன்றரை நாள் ஆனது. ரேமைக் கூட்ட முடிவெடுத்தார்கள். குழுவில் கணினியைக் கவனித்துக்கொள்பவர் என்னைத் தொலைபேசியில் கேட்டார்: "இன்னொரு ஜோடி போட்டால் 128 ஆகிவிடும், போடலாமா சார்?" நான் சொன்னது: "போடலாம், ஆனால் அதே மாடலாகப் பார்த்து வாங்குங்கள்." அந்தப் பதில் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அது பாதிப் பதில். இந்த ஆய்வில் என் பங்குக்கான பிழை அங்கேதான் தொடங்குகிறது.

புதிய ஜோடி பொருத்தப்பட்ட நாள்

அதே மாடல், அதே வேகம், அதே டைமிங். காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டுகளில் பொருத்திப் பவர் பட்டனை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருந்தது. மதர்போர்டில் ரேமுக்கான எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. மூன்று நிமிடம் பார்த்துவிட்டு பவரை நிறுத்தினார். மறுபடி முயன்றார், மறுபடி நிறுத்தினார்.

உண்மையில் கணினி பழுதாகவில்லை. புது ரேமைக் கண்டதும் பிராசசரின் மெமரி கன்ட்ரோலர் ஒவ்வொரு ஸ்டிக்கோடும் எந்த நேரத்தில், எந்த வோல்டேஜில் பேசுவது என்று அளந்து பார்க்கும். இதை மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். ஏஎம்5-ல் நான்கு பெரிய ஸ்டிக்குகளுக்கு முதல் தடவை பல நிமிடம் ஆவது சாதாரணம். அவர் நடுவில் பவரைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் அது முதலிலிருந்து தொடங்கியது. மூன்றாம் முறை தேநீர் குடிக்கப் போய்விட்டுத் திரும்பியபோது விண்டோஸ் ஏறியிருந்தது.

ரேம் 128 ஜிபி என்று காட்டியது. வேகம் 3600.

அவருக்கு அது பழுதின் அடையாளமாகத் தெரிந்தது. "பெட்டியில் 6000 என்று போட்டிருக்கிறதே, பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் ஓடுகிறது" என்று எழுதி அனுப்பினார். வேறொரு மென்பொருள் 1800 என்று காட்டியது கலக்கத்தை இன்னும் கூட்டியது. டிடிஆர் ரேம் ஒரு கடிகாரத் துடிப்புக்கு இரண்டு முறை தரவை அனுப்பும். துடிப்பைக் காட்டும் மென்பொருள் 1800 என்று சொல்லும், தரவுப் பரிமாற்றத்தைக் காட்டுவது 3600 என்று சொல்லும். இரண்டும் ஒரே வேகம்தான். இந்தக் குழப்பத்தில் ஒரு மாலை போயிற்று.

எக்ஸ்போவை இயக்கி 6000 வைத்தபோது கணினி ஏறவே இல்லை. சில முயற்சிக்குப் பிறகு தானாகவே பாதுகாப்பு அமைப்புக்குத் திரும்பியது. புதிய பயாஸ் போட்டும் மாற்றமில்லை. அப்போது அவர் பிராசசர் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் திறந்தார். டிடிஆர்5-5200 என்று இருந்தது. அதிகாரபூர்வமான எண்ணே இது என்று கையால் 5200 வைத்தார். கணினி ஏறியது. அரை மணி நேரம் ஒரு ரேம் சோதனை ஓட்டினார். பிழை இல்லை. வேலை தொடங்கியது.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு வரி அல்ல, நான்கு. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தந்திருக்கும் விவரம் இது (ரேங்க் என்பது ஒரு ஸ்டிக்கில் சேர்ந்து இயங்கும் சிப் கூட்டம்): ஒற்றை ரேங்க் ஸ்டிக் இரண்டு என்றால் 5200, இரட்டை ரேங்க் இரண்டு என்றாலும் 5200, ஒற்றை ரேங்க் நான்கு என்றால் 3600, இரட்டை ரேங்க் நான்கு என்றாலும் 3600. இவர்களிடம் இருந்தது கடைசி வகை. முதல்நாள் கணினி தானாகத் தேர்ந்தெடுத்த 3600, பழுதின் அடையாளமாகத் தோன்றிய அதே எண், பிராசசர் உறுதிகொடுத்த எண்.

மூன்று வாரங்கள்

முதல் வாரம் எல்லாம் நன்றாகவே போனது. பெரிய வேலை ஒரே பகலில் முடிந்தது, குழுவுக்கு மகிழ்ச்சி.

இரண்டாம் வாரம் கணக்கீட்டு மென்பொருள் நடுவில் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. ஆறு மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் நான்காம் மணியில், இன்னொரு நாள் இரண்டாம் மணியில். பிழைச்செய்தி ஒவ்வொரு முறையும் வேறு. மென்பொருளின் அந்தப் பதிப்பு சரியில்லை என்று பழைய பதிப்புக்குப் போனார்கள். கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி மறுபடி போட்டார்கள். விண்டோஸையே புதிதாக நிறுவலாம் என்ற பேச்சும் வந்தது. ரேம் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதுதான் சோதனையில் தேறிவிட்டதே.

மூன்றாம் வார இறுதியில் ஒருவர், முடிந்த வேலைகளைச் சுருக்கிக் கட்டிய பெரிய கோப்பு ஒன்றைச் சரிபார்த்தார். உள்ளே மூன்று படங்களில் சிஆர்சி பிழை, அதாவது தரவு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை. டிஸ்க் பழுதாக இருக்கும் என்று நினைத்து மறுபடி சரிபார்த்தார். இப்போது அந்த மூன்றில் இரண்டு சரியாக இருந்தன, புதிதாக வேறொன்றில் பிழை.

அதைக் கேட்டதும்தான் நான் நேரில் போனேன். டிஸ்க்கில் எழுதப்பட்டது கெட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அதே கோப்புதான் கெட்டதாக வரும். இடம் மாறி மாறி வருகிறது என்றால் படிக்கும் வழியில் எங்கோ பிட் புரள்கிறது. கோப்பு டிஸ்க்கிலிருந்து வரும்போதும் டிஸ்க்குக்குப் போகும்போதும் ரேம் வழியாகத்தான் போகிறது.

சோதித்தது, கண்டது

முதல் வேலையாக அந்தக் கணினியில் டிஸ்க்கில் எழுதும் எல்லா வேலையையும் நிறுத்தச் சொன்னேன். அப்புறம் விண்டோஸின் நிகழ்வுப் பதிவைப் பார்த்தேன். ரேம் பிழை என்று ஒரு பதிவும் இல்லை. அது ஆறுதல் தரும் தகவல் அல்ல. ஈசிசி (பிட் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வசதி) இல்லாத ரேமில் பிட் புரண்டதைக் கவனிக்க ஆளே இல்லை, பிறகு யார் பதிவு செய்வது? டிடிஆர்5-ல் உள்ளேயே பிழைதிருத்தம் இருக்கிறதே என்று குழுவில் ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் அது சிப்புக்குள் சேமிக்கப்பட்ட பிட்டுகளுக்கு மட்டும். சிப்பிலிருந்து பிராசசர் வரை செல்லும் பாதையில் நேர்வதை அது பார்க்காது.

பெட்டியின் பக்கக் கதவை மூடி, வழக்கமான சூட்டிலேயே மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை நிரலை ஓட்டினோம். 5200-ல் முதல் சுற்று சுத்தம். இரண்டாம் சுற்றில் ஒரு பிழை, மூன்றாவதில் நான்கு. எல்லாமே ஒற்றை பிட் வேறுபாடு. ஸ்டிக்குகள் நெருங்கி நிற்பதால் நடுவில் இருப்பவற்றுக்குக் காற்று போவதில்லை. கதவைத் திறந்து விசிறி வைத்தபோது பிழைகள் குறைந்தன, ஆனால் போகவில்லை. அவர் ஓட்டிய அரை மணிச் சோதனை ஏன் தேறியது என்பதும் இதில் விளங்கியது: ஸ்டிக்குகள் சூடேறும் முன்பே அது முடிந்திருந்தது. 128 ஜிபியை ஒரு சுற்று முழுதாகப் பார்க்கவே அந்த நேரம் போதாது.

அடுத்தது ஸ்டிக்கே பழுதா என்ற கேள்வி. பழைய ஜோடியை மட்டும் ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் வைத்து 6000-ல் ஓர் இரவு ஓட்டினோம். சுத்தம். புதிய ஜோடியை அதே இடத்தில், அதே வேகத்தில். சுத்தம். நான்கையும் சேர்த்து 3600-ல் இரண்டு இரவு. சுத்தம். ஆக எந்தப் பொருளிலும் குறை இல்லை. விற்றவரிடம் திருப்பிக்கொடுக்க நியாயமும் இல்லை.

இடையில் ஆசைப்பட்டு 4800 வைத்துப் பார்த்தோம். முதல் இரவு ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் இரவு விடியும் நேரத்தில் ஒன்றே ஒன்று. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வில் மிகவும் பயமுறுத்திய எண் அந்த ஒன்றுதான். ஓர் இரவோடு நிறுத்தியிருந்தால் 4800 சரி என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

ஏன் நான்கு ஸ்டிக் இவ்வளவு வித்தியாசம்

சாதாரண டெஸ்க்டாப் பிராசசருக்கு இரண்டு மெமரி சானல், அதாவது ரேமோடு தரவு பரிமாறும் இரண்டு பாதைகள். ஸ்லாட் நான்கு இருந்தாலும் சானல் இரண்டுதான். ஒவ்வொரு சானலிலும் இரண்டு ஸ்லாட்டுகள் ஒரே கம்பிவடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பெரும்பாலான மதர்போர்டுகளில் கம்பி முதல் ஸ்லாட்டைத் தொட்டுக்கொண்டு இரண்டாவதில் போய் முடிகிறது. அதனால்தான் இரண்டு ஸ்டிக் மட்டும் என்றால் தொலைவில் உள்ள ஏ2, பி2 ஸ்லாட்டுகளில் போடச் சொல்கிறார்கள். கடைசி முனையில் ஸ்டிக் இருந்தால் சிக்னல் அங்கே போய் ஓய்கிறது. நடுவில் இன்னொரு ஸ்டிக்கைச் செருகினால் அது ஒரு கிளைபோல ஆகி, அதில் பட்டு சிக்னலின் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. வேகம் ஏற ஏற ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. எதிரொலி அடங்கும் முன்பே அடுத்த பிட் வந்துவிடுகிறது.

இதற்கு மேல் ரேங்க். 16 கிகாபிட் சிப்புகளில் செய்த 32 ஜிபி ஸ்டிக்கில் இரண்டு ரேங்க் இருக்கும், அதாவது ஒரே வடத்தைப் பங்குபோடும் இரண்டு சிப் கூட்டங்கள். ஒரு சானலுக்கு இரண்டு ஸ்டிக் என்றால் நான்கு கூட்டம். அத்தனையையும் ஒரே கன்ட்ரோலர் இழுத்துச் செல்ல வேண்டும்.

இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. இன்டெலின் 12ஆம் தலைமுறைக்கு விளம்பரத்தில் வந்த எண் 4800. தொழில்நுட்ப ஆவணத்தில் அதே பிராசசருக்கு நான்கு இரட்டை ரேங்க் ஸ்டிக் என்றால் 3600. ரைசன் 9000 வரிசையில் இரண்டு ஸ்டிக்குக்கான எண் 5600 ஆக உயர்ந்தது, நான்குக்கான எண் 3600-லேயே நிற்கிறது. டிடிஆர்4 காலத்தில் இந்த இடைவெளி சிறியது. ரைசன் 3000-ல் இரண்டு ஸ்டிக்குக்கு 3200, நான்கு இரட்டை ரேங்குக்கு 2667. அந்தக் காலத்தில் நான்கு ஸ்டிக் போட்டுப் பழகியவர்கள் டிடிஆர்5-லும் அப்படியே செய்கிறார்கள். என் பாதிப் பதிலும் அந்தப் பழக்கத்திலிருந்து வந்ததுதான்.

பெட்டியில் அச்சிட்ட 6000-க்கு யார் பொறுப்பு என்றும் பார்க்க வேண்டும். அது ரேம் தயாரிப்பாளர் அந்த ஜோடியை, ஜோடியாக, எக்ஸ்போ தரும் கூடுதல் வோல்டேஜில் சோதித்துச் சொன்ன எண். இரண்டு ஜோடிகளைச் சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவே இல்லை. பிராசசர் தயாரிப்பாளரோ தன் பக்கத்தில் உள்ள எண்ணைத் தாண்டினால், எக்ஸ்போ வழியாகத் தாண்டினாலும், அதை ஓவர்கிளாக்கிங் என்றே கணக்கில் வைக்கிறார். உத்தரவாதம் அதற்குப் பொருந்தாது. ஜோடியாக 6000-ல் எட்டு மாதம் ஓடியதும் அந்த வரம்புக்கு வெளியேதான். ஆனால் அங்கே ஒருவராவது சோதித்திருந்தார். நான்கு ஸ்டிக் 5200-ஐ உலகில் எவரும் எங்களுக்காகச் சோதிக்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

வேலை நிற்கக் கூடாது என்பதால் அன்றே நான்கு ஸ்டிக்குகளையும் 3600-ல் வைத்தோம். அதிகபட்ச அலைவரிசை கணக்குப்படி இரண்டு சானலுக்கு வினாடிக்கு 57.6 ஜிபி. 5200-ல் இது 83.2, 6000-ல் 96. தாளில் பார்த்தால் பெரிய சரிவு. அவர்களுடைய மாதிரி வேலை ஒன்றை ஓட்டினோம். 64 ஜிபியோடு 6000-ல் 7 மணி 40 நிமிடம் ஆனது, 128 ஜிபியோடு 3600-ல் 5 மணி 5 நிமிடத்தில் முடிந்தது. இவர்களுக்குத் தேவைப்பட்டது கொள்ளளவு, வேகம் அல்ல. எல்லோரும் பயந்த 3600-ஐ முதல் நாளே அப்படியே விட்டிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

நிரந்தரத் தீர்வுக்கு முன் ஒரு கேள்வி கேட்டேன்: 128 உண்மையில் வேண்டுமா? மிகப் பெரிய வேலையில் ரேம் பயன்பாட்டை அளந்ததில் உச்சம் 81 ஜிபி. அப்படியென்றால் இரண்டு 48 ஜிபி ஸ்டிக் போதும். ஸ்டிக் இரண்டாகிவிட்டால் விவரப் பக்கத்தின் இரண்டாவது வரிக்குள் வந்துவிடலாம், 5200 உறுதி.

கூடுதல் சானல்களும் ரெஜிஸ்டர்டு ரேமும் (கன்ட்ரோலரின் சுமையைக் குறைக்கும் இடைச் சிப் கொண்ட ரேம்) உள்ள வொர்க்ஸ்டேஷனுக்கு மாறுவதையும் பேசினோம். செலவுக்கு ஏற்ற தேவை இல்லை என்று விட்டுவிட்டோம். வோல்டேஜைக் கூட்டி நான்கு ஸ்டிக்கை 4800-ல் நிலைநிறுத்தலாம் என்ற யோசனையை நான் ஒரே பேச்சில் மறுத்தேன். விளையாட்டுக் கணினியில் செய்து பார்க்கலாம், தவறில்லை. இங்கே ஒவ்வொரு பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகும் பல இரவுகள் சோதிக்க வேண்டும், ஆள் இல்லை.

வாங்கியது வெப்பத்தகடு கூட இல்லாத, எக்ஸ்போ இல்லாத, ஜெடெக் (ரேம் தரங்களை வகுக்கும் அமைப்பு) தரப்படி 1.1 வோல்ட்டில் ஓடும் 5600 ஸ்டிக்குகள். இந்தப் பிராசசரில் அவை தானாகவே 5200-க்கு இறங்கிக்கொண்டன. பயாஸில் ஒன்றையும் தொடவில்லை. குழுத் தலைவருக்கு இது உறுத்தியது: 6000 ரேமை எடுத்துவிட்டு 5200 போடுவதா? ஒப்பிடுவதற்காக 6000 வேகத்தில் ஓடும் 48 ஜிபி ஜோடி ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிக் காட்டினேன். 5200-ல் 4 மணி 35 நிமிடம், 6000-ல் 4 மணி 28. ஏழு நிமிடத்துக்காக அவர் மேற்கொண்டு பேசவில்லை.

பின்விளைவுகள்

மூன்று வாரத் தரவு மிச்சமிருந்தது. கேமரா கார்டுகளைக் களத்திலேயே ஒரு லேப்டாப்பில் பிரதி எடுப்பது அவர்கள் வழக்கம். அதுதான் காப்பாற்றியது. லேப்டாப்பில் உள்ள பிரதிக்கும் டெஸ்க்டாப்பில் உள்ள பிரதிக்கும் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிட்டோம். ஒப்பீட்டை லேப்டாப்பில்தான் செய்தோம். சந்தேகத்துக்குள்ளான கணினியையே சாட்சிக்கு அழைக்க முடியாதல்லவா. பதினோராயிரத்துச் சொச்சம் படங்களில் ஒன்பது வேறுபட்டன. ஒன்பதையும் லேப்டாப்பிலிருந்து மாற்றினோம். அவற்றில் ஏழு படங்களைத் திறந்து கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

வாடிக்கையாளருக்குப் போய்விட்ட இரண்டு மாதிரிகளை முதலிலிருந்து கணக்கிட்டார்கள். ஒன்று பழையதோடு ஒத்துப்போனது. மற்றதில் ஓர் ஓரத்தில் உயரம் சிறிது மாறியது; காரணத்தைச் சொல்லி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு வேலைக்கு லேப்டாப் பிரதி அழிக்கப்பட்டிருந்தது. அதன் படங்கள் முழுச் சரியா என்று உறுதிசொல்ல வழி இல்லை. அதையும் அந்த வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டார்கள்.

கழற்றிய நான்கு ஸ்டிக்கில் ஒரு ஜோடி இரண்டாவது கணினியில் 6000-ல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜோடியாக.

மாற்றிக்கொண்டவை

ரேம் பற்றி யார் கேட்டாலும் நான் இப்போது முதலில் கேட்பது மொத்தம் எத்தனை ஜிபி, எத்தனை ஸ்டிக்கில், ஒவ்வொன்றும் எத்தனை ரேங்க் என்றுதான். வேகம் அதற்கப்புறம். புதுக் கணினி வாங்கும்போதே இரண்டு ஸ்டிக்கில் முழுக் கொள்ளளவையும் முடித்துவிடச் சொல்கிறேன். காலியாக இருக்கும் இரண்டு ஸ்லாட்டைப் பிற்காலச் சேமிப்பாக நினைக்க வேண்டாம். மதர்போர்டு தயாரிப்பாளரின் ரேம் பட்டியலைப் பார்ப்பவர்கள் அதில் எத்தனை ஸ்டிக் வைத்துச் சோதித்தார்கள் என்ற பத்தியையும் பார்க்க வேண்டும்.

சோதனையை இனி பெட்டியை மூடி, சூடேற்றி, குறைந்தது இரண்டு இரவு ஓட்டுவோம். பயாஸ் மாறினால் மறுபடியும் ஓட்டுவோம்.

குழு தன் பக்கத்தில் ஒரு நடைமுறை சேர்த்திருக்கிறது. கார்டை அழிக்கும் முன் லேப்டாப்பிலேயே ஹாஷ் பட்டியல் எடுத்து, டெஸ்க்டாப்புக்குப் போன பிரதியை அதோடு ஒப்பிடுகிறார்கள். நான்கு மாதமாக ஒரு வேறுபாடும் வரவில்லை. அடுத்த கணினிக்கு ஈசிசி ரேம் கேட்டிருக்கிறார்கள். ஏஎம்5 பிராசசர்கள் பலவற்றில் அதற்கு வழி உண்டு, மதர்போர்டும் ஆதரிக்க வேண்டும். அந்த மதர்போர்டின் கையேட்டை இந்த முறை கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் பதில் சொல்லப்போகிறேன்.